ஏழு நாட்களுக்கு நான் எழுதிய பொய்

எங்கே போனாலும் முதலில் ஒரு பட்டியல் போடுவது என் வழக்கம். பாலிடெக்னிக்கில் சிவில் படித்த மூன்று வருடத்தில் ஒட்டிக்கொண்டது. என்ன எடுத்துப் போக வேண்டும், எந்த நாளில் எதை முடிக்க வேண்டும், என்ன முடியவில்லை, ஏன் முடியவில்லை. முடியாததையும் எழுதி வைப்பேன். அப்படிப்பட்ட நான் வேலைக்குச் சேர்ந்து இத்தனை வருடத்தில் ஒரே ஒரு முறை டைரியில் பொய் எழுதினேன். அதனால் வந்த எரிச்சல் இன்னும் தீர்ந்தபாடில்லை.

ஒடுகத்தூரில் எங்கள் அரசுக் கட்டடப் பிரிவு அலுவலகம். பெண்ணாக இருந்தாலும் என் பதவியின் பெயர் டிராஃப்ட்ஸ்மேன்தான். ஜவ்வாது மலைக் கிராமங்களுக்கு ஓர் அறைப் பள்ளிக்கூடங்கள் கட்டும் வேலை அப்போது எங்களிடம் இருந்தது. மேலிடத்திலிருந்து ஒரு மாதிரி வரைபடம் வந்திருந்தது. அதை வரைந்தவர் மலையைப் பார்த்திருக்க மாட்டார். நாற்பது அடி நீளத்துக்கு மேடுபள்ளமில்லாத தரை வேண்டும் என்றது அது. மலையில் அப்படித் தரை கிடையாது. சரிவின் மேல்பக்கத்தை வெட்டி, கீழ்ப்பக்கத்தில் கொட்டி, அதன்மேல் கட்டினோம். முதல் மழையில் கொட்டிய மண் இறங்கியது. வெட்டிய பக்கத்துச் சுவரில் தண்ணீர் கசிந்தது. இரண்டு பள்ளிக்கூடங்கள் அப்படியே நனைந்துகொண்டு நின்றன.

மலைச்சரிவுக்கென்றே வேறு வரைபடம் போட வேண்டும் என்று எங்கள் உதவிப் பொறியாளர் ஏ.ஈ.யிடம் மூன்று முறை சொன்னேன். ஓய்வுக்குச் சில வருடங்களே இருந்த மனிதர். கெட்டவர் இல்லை. மூன்றாம் முறை சலித்துப்போய்ச் சொன்னார்:

"சரிம்மா. நெல்லிவாசல்நாட்டுல அடுத்தது கட்டணும். பத்து நாள் கேம்ப் போ. நீயே ஒண்ணு போட்டு எடுத்துனு வா. நல்லா இருந்தா மேல அனுப்பறேன். இல்லன்னா பழசையே கட்டிட்டுப் போறோம்."

இன்னொரு நனைந்த பள்ளிக்கூடமா, இல்லையா என்பது அந்தப் பத்து நாளில் இருந்தது.

ஜீப் போகும் வரைக்கும் ஜீப், அதற்கு மேல் நடை. ஊரில் இருபது வீடுகள் இருக்கும். ஊர்ப் பெரியவரின் தங்கை வீட்டில் எனக்கு இடம் கொடுத்தார்கள். அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும்; வாய் ஓயாது. அளவுச் சங்கிலி பிடிக்க என்னோடு செயின்மேன் ஒருவர் வந்திருந்தார். முதல் இரண்டு நாளும் என் பட்டியல்படியே நடந்தது. மட்டம் எடுத்தோம், சங்கிலி போட்டு அளந்தோம், முளை அடித்தோம். மூன்று வரைபடங்கள் போட்டேன். மூன்றும் அந்தப் பழைய வரைபடமே வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது போல இருந்தன. ஒன்றில் கதவு வலப்பக்கம், இன்னொன்றில் இடப்பக்கம். தரை மட்டும் எல்லாவற்றிலும் அதே நாற்பது அடி.

இரண்டாம் நாள் மாலை, மண்ணெண்ணெயும் அரிசியும் வாங்க செயின்மேன் கீழே இறங்கினார். மூன்றாம் நாள் காலையில் வீட்டுக்காரி மஞ்சள் கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். ஊரில் எல்லோர் மணிக்கட்டிலும் அது இருந்தது. மரியாதைக்குக் கை நீட்டினேன். எதற்கு என்று கேட்கவில்லை. எதையும் கேட்டு எழுதிக்கொள்ளும் நான் அதைக் கேட்கவில்லை.

கட்டி முடித்த பிறகு சொன்னாள். விதைப்பு முடிந்துவிட்டது. இன்றிலிருந்து ஏழு நாள் ஊருக்குக் காப்பு. இரும்பு மண்ணைத் தொடக் கூடாது. யாரும் வேலை செய்யக் கூடாது. உள்ளே இருப்பவர் எல்லை தாண்டக் கூடாது, வெளியே போனவர் உள்ளே வரக் கூடாது.

"நான் இந்த ஊர் இல்லையே," என்றேன்.

"ராத்திரி எங்க படுத்த? இங்கதான? அப்ப இந்த ஊருதான்."

கொஞ்ச நேரத்தில் பெரியவர் ஒரு கூடையோடு வந்தார். அரிவாள், கோடரி, மண்வெட்டி, கொழு, கடப்பாரை என்று வீட்டுக்கு வீடு இரும்பை வாங்கிக் கோயில் அறையில் வைத்துப் பூட்டுவது வழக்கமாம். என் அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பொட்டியில இன்னா கீது?"

"வரையற சாமான்."

"இரும்பா?"

பொய் சொல்லத் தெரியாமல் திறந்து காட்டினேன். காம்பஸ், டிவைடர், ரூலிங் பென், பன்னிரண்டு டிராயிங் பின்கள், பென்சில் சீவுகிற பிளேடு. எல்லாம் கூடைக்குள் போயின. இரும்பு டேப் போனது. சங்கிலி போனது. மட்டம் பார்க்கிற கருவியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"இது பித்தளைங்க. நல்லா பாருங்க."

அவர் குனிந்து அதன் மூன்று கால்களையும் பொறுமையாகப் பார்த்தார். நுனியில் இரும்புப் பூண் இருந்தது.

"மேல பித்தளதான்மா. காலு இரும்பு," என்று சொல்லி அதையும் தோளில் சாய்த்துக்கொண்டார்.

அவர் போன பின் வீட்டுக்காரி என் தலையைப் பார்த்தாள். "அது இன்னா?" ஹேர்பின். நான்கு. அவற்றையும் கழற்றிக் கொடுத்தேன். புடவைத் தலைப்பில் குத்தியிருந்த பின்னையும் பார்த்தாள், யோசித்தாள். "அத வச்சிக்கோ. சாமிக்குத் தெரிஞ்சா நான் சொல்லிக்கறேன்," என்றாள். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்னிடம் இரண்டு பென்சில்கள் மிஞ்சின. இரண்டும் அன்று மத்தியானத்துக்குள் மொன்னையாகிவிட்டன. ஒன்றைக் கல்லில் தேய்த்துக் கூராக்கிக்கொண்டிருந்தேன்.

"அது வேல இல்லியா?" என்று கேட்டாள் வீட்டுக்காரி.

"கல்லுதானே? இரும்பு இல்லையே?"

"கல்லு இரும்பு இல்லதான். தேய்க்கறது வேலதான?"

மறுநாள் கருவி இல்லாவிட்டாலும் கால் இருக்கிறது என்று சரிவில் அடி வைத்து அளந்தேன். மேலிருந்து கீழே ஒருமுறை, குறுக்கே ஒருமுறை. பெரியவர் ஒரு பாறைமேல் உட்கார்ந்து கடைசி அடி வரைக்கும் பார்த்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்: "நடந்து அளந்தா அது அளக்கறது இல்லியாம்மா?" கோபத்தில் எண்ணிக்கை மறந்துபோனது. அதை எழுதி வைக்கவும் கூரான பென்சில் இல்லை.

காப்பின் மூன்றாவது நாள் வீட்டுக்காரியிடம் சண்டையே போட்டேன். எனக்கு வேலை இருக்கிறது, நாள் கணக்கு இருக்கிறது, மேலே பதில் சொல்ல வேண்டும் என்றேன்.

"யாருக்குத்தான் வேல இல்ல?" அவள் அவரையை விரலால் ஒடித்துச் சட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தாள், அந்த வாரத்தில் கத்தியும் கிடையாது. "எங்க கொல்லியில வேல இல்லியா? சாமய வெதச்சி வச்சிகீறோம். அது மொளைக்கற வரிக்கும் அத நோண்டினே இருந்தா வருமா?"

"என் வேலை சாமை இல்லை."

"அப்ப இன்னா?"

எழுந்து போய்ப் பலாமரத்தடியில் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது. நடந்தது என்று ஒன்றும் இல்லை. சாமைச் சோறு சாப்பிட்டேன். தூங்கினேன். உட்கார்ந்தேன். ஆடிக் காற்று. மேற்கே இரண்டு குன்றுகளுக்கு நடுவிலிருந்து புறப்பட்டுப் பள்ளிக்கூடம் கட்டவேண்டிய இடத்தின் மேல்பாதியை அடித்துக்கொண்டு போகும். கீழ்ப்பாதியில், சரிவு லேசாக மடிகிற இடத்தில், ஆடுகள் படுத்திருக்கும். காலையில் அங்கேதான், மத்தியானத்திலும் அங்கேதான். அதை நான் கவனித்தேன் என்று சொல்வது சரியில்லை. கவனிப்பது எனக்குத் தெரியும், கவனித்தால் குறித்துக்கொள்வேன். இது வேறு. கண் திறந்திருந்தது, ஆடுகள் இருந்தன, அவ்வளவுதான்.

ஊர்க்காரர்கள் சோம்பேறிகள் என்று யாராவது நினைத்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. விதைப்பு நடந்த என் முதல் இரண்டு நாளில் அவர்கள் விடியுமுன் போய் இருட்டிய பிறகு திரும்பியதைப் பார்த்தவள் நான். அவர்களுக்கு உட்காரத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்த இடத்தில் கால் ஆடிக்கொண்டிருக்கும். பெண்கள் அதைப் பார்த்து ஒரு பாட்டே கட்டிவிட்டார்கள். கடைசி நாள் ஆட்டத்துக்குப் புதுப் பாட்டு வேண்டுமாம். இந்த ஏழு நாளில்தான் கட்டுவார்களாம். மற்ற நாளில் வராதாம். "கோடு போட வந்த பொண்ணு குந்திப்புட்டா, குந்தின எடத்துல காலால கோடு போடறா" என்று வீட்டுக்காரி எடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். நான் எழுந்து வீட்டுக்குள் போனேன். உள்ளே போயும் கேட்டது.

காப்பின் ஆறாம் நாள் பெண்கள் சரிவில் வரிசையாக உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலையில் அதற்கு ஒரு வசதி உண்டு. சரிவில் ஒருத்திக்குக் கீழே ஒருத்தி உட்கார்ந்தால் மேலே இருப்பவளின் மடிக்கு நேராகக் கீழே இருப்பவளின் தலை வரும். ஏழு பேர் அப்படி ஒரே கோட்டில் இருந்தார்கள். பின் இல்லாமல் என் தலை பறந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரி கையைப் பிடித்து இழுத்துத் தனக்கு முன்னால் உட்கார வைத்தாள்.

"எனக்குப் பேன் இல்லை."

"அத நான் பாத்து சொல்றேன். தலய ஆட்டாத."

இருந்தது. மூன்று எடுத்தாள், ஒவ்வொன்றுக்கும் ஊருக்கே கேட்கும்படி அறிவிப்பு கொடுத்தாள். அவள் விரல்கள் தலையில் மேய மேய எனக்குக் கண் சொருகியது. எவ்வளவு நேரம் தூங்கினேன் என்று தெரியாது. விழித்தபோது எனக்கு முன்னால் இருந்த நால்வரின் தலைகளுக்கு மேலாகப் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது. யார் தலையும் யாரையும் மறைக்கவில்லை. காற்று எங்கள் முதுகுக்கு மேலே எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்தது ஆடுகள் படுக்கிற இடம்.

கட்டவேண்டிய பள்ளிக்கூடம் அங்கேயே என் கண்முன் இருந்தது. தரையைச் சமமாக்க வேண்டியதில்லை. அறையின் தரையையே இரண்டாக உடைத்து, ஒன்றரை அடி மேலே ஒரு பாதி, கீழே ஒரு பாதி. மேல்பாதிப் பிள்ளைகள் முன்னால் இருப்பவர்களின் தலைக்கு மேலாகக் கரும்பலகையைப் பார்க்கலாம். வெட்டு பாதியாகக் குறையும், கொட்டுவதற்கு மண்ணே இருக்காது. கதவு கிழக்கே, காற்றுக்கு முதுகு காட்டி. எல்லாம் அளவோடு இருந்தது. எந்த நிமிடத்தில் வந்தது என்று என்னால் குறிக்க முடியவில்லை. அது எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான்.

காப்பு அவிழ்த்த மறுநாள் காலையில் பெரியவர் என் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். பன்னிரண்டு பின்னையும் எண்ணிக் கொடுத்தார். பொழுது சாய்வதற்குள் ஒரே தாளில் வரைந்து முடித்தேன். ரப்பரை எடுக்கவே இல்லை.

ஏ.ஈ. வரைபடத்தை மேசையில் விரித்தார். விரலால் அந்த ஒன்றரை அடிப் படியைத் தடவினார். "இத எவனும் யோசிக்கலியேம்மா," என்றார். பிறகு என் டூர் டைரியைப் புரட்டினார். முதல் இரண்டு நாளும் பத்தாம் நாளும் நிறைய எழுதியிருந்தேன். நடுவில் ஏழு நாளைக்கும் ஒரே வரி: ஊரில் காப்பு, வேலை செய்யவில்லை, உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாம்மா இது?"

"நடந்தது சார்."

"நடந்ததெல்லாம் எழுதறதுக்கா டைரி? பத்து நாள்ல ஏழு நாள் சும்மா குந்தினு இருந்தேன்னு எழுதினா, இந்தப் படத்த மேல எவன் பாப்பான்? டைரியப் பாத்துட்டுத் தூக்கிப் போட்டுடுவான். பழசையே கட்டுன்னு எழுதிடுவான்."

"உட்கார்ந்திருந்ததால்தான் சார் இது வந்தது."

"வந்துதோ இல்லியோ, அதுக்குக் கட்டம் இல்லியே." டைரியின் கட்டங்களை விரலால் தட்டிக் காட்டினார். வேலை என்று ஒரு கட்டம், பயணம் என்று ஒன்று, விடுப்பு என்று ஒன்று. "எல்லாரும் எழுதறதுதான். வேற எழுதி எடுத்துனு வா. இன்னிக்கே தபால்ல போடறேன்."

அன்று மத்தியானம் புது டைரியில் எழுதினேன். மூன்றாம் நாள்: முதல் மாற்று வரைபடம். நான்காம் நாள்: குறுக்குமட்டம் சரிபார்த்தல், இரண்டாம் மாற்று. ஐந்தாம் நாள்: மூன்றாம் மாற்று, அடித்தளக் கணக்கு. இப்படியே ஒன்பதாம் நாள் வரை. ஏழு நாளில் ஆறு மாற்று வரைபடங்கள். பத்தாம் நாள் அவற்றில் சிறந்ததைச் சுத்தமாக வரைந்ததாக முடித்தேன். ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் முரண்பாடு இல்லை. நான் இதுவரை போட்டதிலேயே குறையில்லாத பட்டியல் அதுதான்.

பள்ளிக்கூடம் கட்டினார்கள். முதல் ஐப்பசி மழையில் நனையவில்லை. இரண்டாவதிலும் நனையவில்லை. அதற்காகத்தான் எழுதினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வருடம் சந்தவாசலுக்கு மேலே ஒரு மலையூருக்குப் பள்ளிக்கூடம் வந்தது. எத்தனை நாள் கேம்ப் என்று கேட்டேன். ரெண்டு என்றார் ஏ.ஈ.

"ரெண்டு நாள்ல எப்படி சார்?"

என் பழைய டைரியின் நகலை எடுத்து மேசைமேல் வைத்தார். மேலிடத்துக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்றாம். மலை வேலைக்கு இப்படித்தான் டைரி எழுத வேண்டும் என்று மற்றப் பிரிவுகளுக்கும் அனுப்பியிருக்கிறார்களாம்.

"ஏழு நாள்ல ஆறு படம் போட்டிருக்க. அப்ப ஒண்ணுக்கு எத்தினி நாளு? ஒரு நாளு. மட்டம் எடுக்க இன்னொரு நாளு. ரெண்டு. நான் போட்ட கணக்கு இல்லம்மா, மேலேர்ந்தே வந்துட்டுது."

"அது பொய்க் கணக்குன்னு உங்களுக்குத் தெரியுமே சார்."

"எனக்குத் தெரியும். காகிதத்துக்குத் தெரியாதே."

அவர் சிரித்தார். கிண்டலாக இல்லை, வருத்தமாகத்தான் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்புதான் அதிகம் ஆத்திரமூட்டியது.

இரண்டு நாள் போனேன். முதல் நாள் மட்டம் எடுத்தேன். இரண்டாம் நாள் வெள்ளைத் தாளின் முன் உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. வரவேண்டிய நேரம் போய்க்கொண்டே இருந்தது. சாயங்காலம் ஜீப் வந்து நிற்கிறது என்று செயின்மேன் வந்து சொன்னார். நெல்லிவாசல்நாட்டு வரைபடத்தை எடுத்து, அளவுகளை மாற்றி, அப்படியே போட்டேன். இரண்டு தரை, ஒன்றரை அடிப் படி, கிழக்கே கதவு. அந்த ஊரில் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்க்கவில்லை. நான் போன இரண்டு நாளும் காற்றே இல்லை.

கட்டி முடித்த பிறகு ஒருமுறை அங்கே போனேன். மார்கழி. சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பிள்ளைகளின் குரல் கேட்டது. தட்டினேன். வாத்தியார் கயிற்றை அவிழ்த்துத் திறந்தார். திறந்ததும் காற்று என்னையும் சேர்த்து உள்ளே தள்ளியது. நோட்டுத் தாள்கள் பறந்தன. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். அவர் அவசரமாகச் சாத்தி மறுபடி கட்டினார். அங்கே குளிர்காலம் முழுக்கக் கிழக்குக் காற்றாம். கதவைச் சாத்தினால் கீழ்ப்பாதி இருட்டாகிக் கரும்பலகை தெரியாது. அதனால் பலகையையும் மேலே ஏற்றி, எல்லாரையும் மேல்பாதியில் நெருக்கி உட்கார வைத்திருந்தார்.

"மேடம் ஆபீஸ்லேர்ந்து வர்றீங்களா? இந்தக் கதவ எவன் மேடம் இங்க வச்சான்?"

"நான்தான்," என்றேன்.

அவர் கயிற்று முடிச்சை இன்னொரு முறை இறுக்கினார். "பரவால்லீங்க, கயிறு கீது," என்றார்.

திரும்பி வந்த அன்றே ஒரு கடிதம் எழுதினேன். முதல் டைரியின் ஏழு நாட்களும் உண்மை இல்லை. அந்த நாட்களில் நான் எந்த வேலையும் செய்யவில்லை. அந்த நாட்கள் இல்லாமல் அந்த வரைபடம் இல்லை. ஆகவே அதை வைத்துப் போட்ட இரண்டு நாள் கணக்கைத் திருத்த வேண்டும். ஏ.ஈ. படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். இதை அனுப்பினால் என் வேலை போகும், அவருடைய ஓய்வும் கெடும், கணக்கு மட்டும் மாறாது என்றார். அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க எவ்வளவோ முயன்றேன். கிடைக்கவில்லை. கடிதம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

இப்போது மூன்றாவது பள்ளிக்கூடம் வந்திருக்கிறது, மறுபடி நெல்லிவாசல்நாட்டில், இன்னும் உள்ளே. இரண்டு நாள். என் சொந்த விடுப்பிலிருந்து ஐந்து நாள் சேர்த்துக் கேட்டேன். காரணம் என்ற இடத்தில் சும்மா இருப்பதற்கு என்று எழுதியிருந்தேன்.

"வயித்து வலின்னு எழுது. இப்பவே கையெழுத்துப் போடறேன்," என்றார் ஏ.ஈ. பேனாவைக்கூடத் திறந்துவிட்டார்.

எழுதியிருக்கலாம். ஐந்து நாள் கிடைத்திருக்கும். ஆனால் வயிற்று வலியும் ஒரு காகிதத்தில் ஏறும். நாளைக்கு அதை வைத்து யாராவது என்ன கணக்குப் போடுவார்களோ. மாட்டேன் என்றேன். அவர் பேனாவை மூடினார். விடுப்பு இல்லை. இரண்டு நாள்தான்.

நேற்று கேம்ப் பட்டியல் போட்டேன். பிறகு டைரியை எடுத்து, போவதற்கு முன்னாலேயே, முதல் நாளுக்கு எதிரே வேலை என்ற கட்டத்தில் மையால் எழுதினேன்: உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் போதாது என்று எனக்குத் தெரியும். ஒரு நாளில் கால் ஆடுவதுகூட நிற்காது. ஆனால் காற்று எந்தப் பக்கம் என்றாவது தெரியும்.

செயின்மேன் வந்து, மட்டக் கருவியையும் சங்கிலியையும் ஜீப்பில் ஏற்றட்டுமா என்று கேட்டார்.

"ஏத்துங்க. ஆனா மொத நாளு கீழ இறக்க வேணாம்."

"அப்ப மொத நாளு நாம இன்னா பண்றதுங்க?"

"குந்தறது."

அவர் நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும், சங்கிலியைக் கையில் பிடித்தபடி, "எவ்ளோ நேரங்க?" என்று கேட்டார்.